எழுத்தில்லாத பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசிக்கிறோம். உதவிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். குரலை ஏற்றி இறக்கி வாசி, மெதுவாக வாசி என்று சொல்ல ஆளுண்டு. அதற்கு அப்பாலுள்ளதைச் சொல்கிறேன்.

எழுத்து இல்லை என்று பக்கத்தைப் புரட்டுவது

பாட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த ‘ரோஸிஸ் வாக்’ புத்தகத்தில் மொத்தமே 32 ஆங்கிலச் சொற்கள்தான், ஒரே வாக்கியம். ஒரு கோழி உலாவப் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. நரி என்ற பேச்சே அதில் இல்லை. படத்திலோ முதலிலிருந்தே நரி கோழியின் பின்னால் வருகிறது. முற்றத்தில் கோழி நடக்கும் பக்கத்தில் எழுத்து இருக்கும். நரி அந்தரத்தில் பாய்ந்துகொண்டிருக்கும், அதன் எதிரே குப்பைவாரி ஒன்று கிடக்கும். பக்கத்தைத் திருப்பினால் எழுத்தே இல்லை. வாரியின் காம்பு எகிறி நரியின் முகத்தில் அடிக்கிறது. குளம், வைக்கோல் போர், மாவு மில் என்று அடுத்தடுத்த இடங்களிலும் இதே ஏற்பாடு.

சமீபத்தில் ஒரு தம்பி இதை வாசித்தார். எழுத்தில்லாத பக்கம் வந்ததும் “இதுல ஒண்ணுமில்ல” என்று அடுத்ததற்குத் தாவினார். முன்வரிசையிலிருந்த சிறுமி எழுந்து வந்து, அவர் கையிலிருந்த தாளைப் பின்னால் திருப்பினாள். “அண்ணா, நரி தண்ணிக்குள்ள விழுந்திடுச்சு!” அவரோ, “சரிம்மா, உக்காந்து கதையக் கேளு” என்றார். அவள் சொன்னதுதானே கதை! எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும்.

இதற்கு நேர்மாறானதும் அதே அளவு கெடுதல். “பாருங்க பாருங்க, பின்னாடி நரி வருது!” என்று நாமே முந்திக்கொண்டு கூவுவது. எழுத்து சொல்லாததைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு, வாசிக்கிறவரைவிடத் தனக்கு அதிகம் தெரிகிறது என்று முகமெல்லாம் பூரிப்பு. இன்னும் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத நாலு வயதில் அந்தப் பெருமை வேறெங்கே கிடைக்கும்? அதைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

மோரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) புத்தகத்தில் முதல் படங்கள் வெள்ளை ஓரத்துக்குள் சிறிதாக இருக்கும். மாக்ஸ் என்ற சிறுவனின் கற்பனை வளர வளரப் படமும் வளர்ந்து, ஒரு கட்டத்தில் எழுத்தையே வெளியேற்றிவிடும். மாக்ஸும் அவன் கற்பனையில் வரும் பூதங்களும் கூத்தடிக்கும் மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. அங்கே “இவங்க டான்ஸ் ஆடுறாங்க” என்று விளக்கவுரை எதற்கு? பிள்ளைகள் எழுந்து குதித்தால் குதிக்கட்டும். பேசாமல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருங்கள். “திருப்புங்க” என்று அவர்களே சொல்வார்கள்.

வாங்கும்போதும் இதே கோளாறு

புத்தகக் காட்சியில் “பக்கத்துக்கு ஒரு வரிதான், இதுக்கா இவ்வளவு விலை?” என்று வைத்துவிட்டு, பக்கம் கொள்ளாத எழுத்தும் மூலையில் ஒரு பொம்மையுமாக இருப்பதை வாங்கிப் போகிறார்கள். படத்தைக் கையால் மூடிவிட்டு எழுத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். கதை முழுதாகப் புரிந்துவிட்டால் அங்கே படம் வெறும் அலங்காரம்.

இருமொழிப் புத்தகம்

சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டையும் வாசித்தால் கதை நகராது. ஒரு மொழியில் முடியுங்கள், மற்றது இன்னொரு நாள்.

“இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?”

கேட்காதீர்கள்.

வளர்ந்த பிள்ளைக்குப் படம் எதற்கு என்பது

பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைச் சென்னை தாரா புக்ஸ் கறுப்புத் தாளில் சில்க் ஸ்கிரீன் முறையில் கையாலேயே அச்சிட்டது. அந்தப் புத்தகத்தைப் பத்தாம் வகுப்புப் பையனிடம் கொடுத்துவிட்டு, எப்போது கீழே வைக்கிறான் என்று பாருங்கள்.

பைண்டிங்

இது நூலகம் நடத்துபவர்களுக்கு. மெலிந்த புத்தகம் பிய்ந்துபோகாமலிருக்க, முதுகிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துவிடுகிறார்கள். பாடநூலுக்குச் சரி. இரண்டு பக்கமும் சேர்ந்த படமென்றால் நடுவிலிருப்பது தையலுக்குள் போய்விடும். எங்களிடம் வந்த ஒரு புத்தகத்தில் யானையின் தும்பிக்கை இடப்பக்கம், வால் வலப்பக்கம், வயிற்றைக் காணோம். மடிப்பிலேயே தைக்கச் சொல்லுங்கள். முத்திரையைப் படத்தின் மேல் குத்தாமல், விலையும் பதிப்பு விவரமும் இருக்கிற பக்கத்தில் குத்துங்கள்.