ஐகிடோ முதல் தேர்வு: மரவாளில் தொடங்குங்கள், வெறுங்கை பின்னால் வரும்

ஐகிடோ ஒரு ஜப்பானியத் தற்காப்புக் கலை. காரைக்குடிப் பக்கம் அதைக் கற்றுக்கொள்கிறேன் என்றால் "கராத்தேயா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப சிலம்பம் மாதிரியா?" என்பார்கள். இதுவரை கேட்டதில் நல்ல கேள்வி அப்பத்தா கேட்டதுதான். வளவில் மரவாளை முன்னால் வைத்து நான் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தேன். பட்டாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "அடிக்கப் போறவன் எதுக்குடா கும்பிடுறான்?" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வணக்கம் வைப்பதிலிருந்தே மதிப்பெண் தொடங்குகிறது என்பது தேர்வுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

ஐகிடோவை உருவாக்கியவர் மொரிஹெய் உயேஷிபா (1883–1969). ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையின் பிடிகளும் வாள் அசைவுகளும் கலந்துதான் இதை வளர்த்தெடுத்தார். பெரும்பாலான ஐகிடோ பள்ளிகளில் போட்டி கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. தேர்வில் ஒருவர் தாக்குவார், அவர் 'உகே'. நீங்கள் 'நாகே'. சொன்ன தாக்குதலுக்குச் சொன்ன நுட்பத்தைச் செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஐகிகாய் என்ற ஐகிடோ அமைப்பின் டோக்கியோ தலைமையகப் பட்டியல்படி முதல் படியான ஐந்தாம் கியூவுக்கு (கியூ என்றால் படி, எண் குறையக் குறைய மேல் படி) 30 நாள் பயிற்சி வேண்டும். கேட்பது நான்கே நுட்பங்கள்: ஷோமென் உச்சி இக்யோ, ஷோமென் உச்சி இரிமி நாகே, கததே தோரி ஷிஹோ நாகே, உட்கார்ந்தபடி கோக்யு ஹோ. இந்தப் பட்டியலில் ஆயுதம் இல்லை. ஆனால் ஜப்பானில் உயேஷிபா கற்பித்த இவாமா என்ற ஊரின் வழியில் வந்த பள்ளிகள் வாளும் தடியும் சேர்த்தே கேட்கும். உங்கள் ஆசிரியர் எந்த வழி என்று முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஜப்பானிய மொழியில் 'உச்சி' என்றால் அடி. ஷோமென் உச்சி என்பது நேர் எதிரே வரும் அடி. அது வந்து இறங்கும் இடமும் நம் உச்சிதான். இந்த ஒன்றை மட்டும் நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

முதல் தடவை போய் நான் தேறாமல் திரும்பி வந்தேன். வெறுங்கைக்கு ஒரு நோட்டு, ஆயுதத்துக்கு ஒரு நோட்டு என்று பிரித்துப் படித்த பலன். இக்யோ செய்யச் சொன்னார்கள். எதிரே நின்றவர் என்னைவிட இருபது கிலோவாவது கூட இருப்பார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன், தள்ளினேன், ஆள் அசையவில்லை. தேர்வு எடுத்தவர் ஒரு மரவாளை என் கையில் கொடுத்து மூன்று தடவை வெட்டச் சொன்னார். வெட்டினேன். வாளை வாங்கிக்கொண்டு, "இப்ப இதையே அவர் கையை வச்சுச் செய்ங்க" என்றார். ஆள் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் "அடுத்த தடவை வாங்க" என்றுதான் சொன்னார்கள். அதனால் கீழே இருக்கும் வரிசை நான் படித்த வரிசை அல்ல, படித்திருக்க வேண்டிய வரிசை.

1. சாமான்

பொக்கென் என்ற மரவாள் சுமார் 102 செ.மீ. ஜோ என்ற தடி சுமார் 128 செ.மீ., நிறுத்திப் பிடித்தால் அக்குள் உயரம். ஜப்பானில் ஓக் மரத்தில் செய்வார்கள். இணையத்தில் வாங்கலாம், ஆசாரியிடம் சொல்லியும் செய்யலாம். எங்கள் ஆசாரி, இடித்த வீட்டுப் பர்மா தேக்கு இருக்கிறது, இழைத்துத் தருகிறேன் என்றார். பார்க்க ராஜ கம்பீரமாக இருந்தது. தனியாக வீசிப் பழகத்தான் அது சரி. இன்னொரு வாளோடு மோதினால் சிலாம்பு பெயரும். மோதிப் பழக, கணு இல்லாத, ரேகை நுனிவரை நேராக ஓடும் கடின மரமாகக் கேளுங்கள். மூங்கில் வேண்டாம், பிளக்கும்.

வெள்ளை உடுப்பைச் செம்மண் தரையில் போட்டுப் புரளாதீர்கள். அந்தக் கறை சவுக்காரத்துக்கு அடங்காது. தேர்வுக்கென்று ஒரு செட்டைத் தனியாக எடுத்து வையுங்கள்.

2. நிற்பது

இதற்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கல்லும் கல்லும் சேரும் கோடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது காலை அந்தக் கோட்டின் மேல் நேராக வையுங்கள். இடது காலைப் பின்னால் அதே கோட்டில் வைத்து, விரல்களை வெளிப்பக்கம் நன்றாகத் திருப்புங்கள். இரண்டு குதிகாலும் கோட்டில் இருக்க வேண்டும். இடுப்பு பாதி திரும்பி நிற்கும். இதுதான் ஹன்மி, அதாவது பாதி உடம்பு. எதிராளிக்கு உங்கள் முழு நெஞ்சு தெரியாது. நடந்துவிட்டு நில்லுங்கள், குனிந்து பாருங்கள். பின்கால் கோட்டைவிட்டு விலகியிருக்கும். பத்துக்கு ஏழு தடவை எனக்கு விலகியது.

அந்தத் தரையில் சாக்ஸ் போட்டு நிற்காதீர்கள். விழுந்து பழகவும் அது ஆகாது. அதற்கு நாலு செ.மீ. தடிமனாவது உள்ள ஃபோம் பாய் வேண்டும்.

3. வெட்டு

இதில்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும்.

பிடியின் முன்பகுதியில், கைக்காப்பு இருக்கும் இடத்தை ஒட்டி வலது கை. அடிநுனியில் இடது கை. இறுக்கம் முழுக்கச் சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும். ஆள்காட்டி விரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். ஈரத்துண்டின் கடைசிச் சொட்டைப் பிழியும்போது இரண்டு கையும் உள்பக்கமாகத் திரும்புமே, அந்தத் திருப்பம்தான்.

வாளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். தோள் தூக்கக் கூடாது. இடது கை நெற்றிக்கு மேலே வந்து நிற்கட்டும். ஒரு அடி முன்வைத்துக்கொண்டே வெட்டி இறக்கி, வாள்நுனி தொப்புள் உயரத்தில் நிற்கும்படி நிறுத்துங்கள். வாளை ஓட்டுவது இடது கை, வலது கை வழி காட்டும். என்னைப் போல வலது கையால் இழுத்தால் வாள் வலப்பக்கம் சாயும், இறங்கியதும் நுனி ஆடும். வாசற்கதவின் நிலைக்கு எதிரே, வாள் எட்டாத தூரத்தில் நின்று, நிலையின் செங்குத்துக் கோட்டைப் பார்த்து வெட்டிப் பழகினால் சாய்வு கண்ணுக்குத் தெரிந்துவிடும். எட்டாத தூரம் என்றேன், கவனியுங்கள். எங்கள் வீட்டு வளவுத் தூணில் இன்னும் ஒரு தடம் இருக்கிறது.

தினம் ஐம்பது வெட்டு போதும். நூறு போட்டால் கடைசி ஐம்பதில் தப்பைத்தான் பழகுவீர்கள்.

4. அதே வெட்டு, வாள் இல்லாமல்: இக்யோ

இருவரும் வலது கால் முன்வைத்து நிற்கிறீர்கள். உகே வலது கையை வாள்போல ஓங்குகிறார். அந்தக் கை இறங்கும்வரை காத்திருந்தால் தோற்றீர்கள். மேலே எழும்போதே முன்னால் போய், உங்கள் வலது கை அவர் மணிக்கட்டையும் இடது கை முழங்கையையும் சந்திக்க வேண்டும். இந்த இடத்தில் உங்கள் இரண்டு கைகளும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வாளைத் தூக்கிய அதே நிலை. அவருடைய முன்கைதான் பிடி.

இனி வெட்டுங்கள். முழங்கையை அவர் முகத்தை நோக்கிச் செலுத்தி, இடது காலை முன்வைத்து, கையை அவர் முன்பக்கமாக இறக்குங்கள். இழுப்பது கிடையாது. இது ஒமோதே, முன்பக்க வகை. உரா என்ற பின்பக்க வகையில், இடது காலை அவர் முன்காலுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கேயே சுழன்று இறக்க வேண்டும்.

அவர் குப்புறப் படுத்த பிறகு மண்டியிடுங்கள். ஒரு முழங்கால் அவர் அக்குளோடு ஒட்டியிருக்கட்டும், இன்னொன்று மணிக்கட்டுப் பக்கம். அவர் கை உடம்புக்குச் செங்கோணத்தைவிடக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை வானம் பார்த்து. அவர் பாயைத் தட்டினால் அந்த நொடியே விடுங்கள்.

இது பிடிபட்டால் மற்றது எளிது. ஷிஹோ நாகேயில் உங்கள் கையைப் பிடித்தவரின் மணிக்கட்டைப் பிடித்து, வாளைப் போலத் தலைக்கு மேல் தூக்கி, அதன் கீழே திரும்பி, வெட்டி இறக்குகிறீர்கள். திரும்பும்போது கை உங்கள் நெற்றிக்கு முன்னாலேயே இருக்கட்டும். பின்னால் போனால் அவர் உங்களை இழுத்துவிடுவார். கோக்யு ஹோவும் உட்கார்ந்தபடி வாள் தூக்குவதுதான். இரிமி நாகேயை எழுத்தில் சொன்னால் குழப்பம். அவருக்குப் பின்னால் நுழைவதில்தான் எல்லாம் இருக்கிறது, ஆசிரியரிடம் நேரில் பாருங்கள்.

5. ஜோ

இவாமாவில் உயேஷிபாவிடம் பயின்ற மொரிஹிரோ சைட்டோ (1928–2002), தடி அசைவுகளை 20 தனிப்பயிற்சிகளாக வகுத்தார். தொடங்குபவருக்கு முதலாவது போதும். பெயர் சொகு சுகி, நேர்க்குத்து. இடது காலுக்கு முன்னால் தடியை நிறுத்தி, இடது கையால் மேற்பக்கம் பிடியுங்கள். இடது கையால் தூக்க, வலது கை அடிநுனியைப் பிடிக்கட்டும். இடது கால் முன்னேற, வயிற்றுக்குழி உயரத்தில் குத்துங்கள். வலது கை இடுப்பில் வந்து முடிய வேண்டும்.

சிலம்பம் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் சின்ன வயதில் கொஞ்சம் சுற்றியவன். கால்வரிசை உங்களுக்கு உதவும், ஆனால் கை சும்மா இருக்காது. குத்தி முடித்ததும் ஒரு சுழற்று சுழற்றத் தோன்றும். இங்கே குத்து குத்தாகவே நிற்க வேண்டும்.

6. விழுவது

பின்னால் விழும்போது தாடை நெஞ்சில் ஒட்டட்டும், கண் இடுப்புவார் முடிச்சைப் பார்க்கட்டும். தலை பாயைத் தொடக்கூடாது. உங்கள் முறை முடிந்ததும் அடுத்தவருக்கு நீங்கள் உகே. அதையும் பார்க்கிறார்கள்.

7. தேர்வு நாள்

நான் பல்லவன் எக்ஸ்பிரஸில் போனேன். வாளையும் தடியையும் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் தைத்த பையில் போட்டிருந்தேன். ஸ்டேஷனில் போலீஸ்காரர் பையைத் தொட்டுப் பார்த்து "என்னப்பா, புல்லாங்குழலா?" என்றார். இவ்வளவு நீளத்துக்குப் புல்லாங்குழலா என்று நானும் கேட்கவில்லை.

உட்காருவது வஜ்ராசனம்தான், இடது முழங்கால் முதலில். எழும்போது வலது கால் முதலில். எங்களைப் போலச் சம்மணத்திலேயே வளர்ந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். பெயர் கூப்பிட்டதும் எழுந்து தடுமாறினால் அசிங்கம். ஒரு மாதம் முன்பிருந்தே அப்படி உட்கார்ந்து டிவி பாருங்கள்.

வாளைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வெட்டும் பக்கம் எதிரே இருப்பவரை நோக்கி இருக்கக் கூடாது. உங்களை நோக்கியே இருக்கட்டும். மரம்தானே என்று அலட்சியமாக நீட்டினால் அங்கேயே ஒரு முகச்சுளிப்பு விழும். அப்பத்தாவின் கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. வெட்டக்கூடிய ஒன்றை இன்னொருவர் முன்னால் எடுக்கப்போகிறேன், அதற்கு அவரிடம் அனுமதி கேட்கிறேன். ஊருக்கு வந்து சொன்னேன். "அப்ப சரி, காலையும் கழுவிட்டு எடு" என்றார்.

நான்காம் கியூவுக்கு இன்னும் 40 நாள் பயிற்சி வேண்டும். அதற்கு இக்யோவோடு நிக்யோ என்ற இன்னொரு பிடியும் சேரும், யோகோமென் உச்சி என்ற பக்கவாட்டு அடியும் வரும். அந்தச் செய்முறையை நான் தேறிய பிறகு எழுதுகிறேன்.