கிராபிக்ஸ் டிரைவரில் வீண் ரெஜிஸ்டர் ரீட்களைக் களைவது எப்படி

மவுஸ் கர்சரை வேகமாக ஆட்டினால் திரையின் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று பிய்ந்து தெரியும். நான் பராமரிக்கும் டிஸ்ப்ளே டிரைவரில் இரண்டு வாரம் இதைத் துரத்தினேன். பிளேன்களை (திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பட அடுக்குகளை) புதுப்பிக்கும் ஒரே ஃபங்ஷனுக்குள் 140 ரெஜிஸ்டர் ரீட்கள் இருந்தன, அதாவது கார்டுக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டு நினைவிடங்களை 140 முறை படித்துக்கொண்டிருந்தது. என் கார்டில் ஒரு ரீட்டுக்குச் சராசரியாக 1.5 மைக்ரோ செகண்ட், ஆக மொத்தம் 210 மைக்ரோ செகண்ட். 1080பி, 60 ஹெர்ட்ஸ் திரையில் மொத்தம் 1125 வரிகள். அதில் படம் வராத வரிகள் 45, அதாவது சுமார் 667 மைக்ரோ செகண்ட். புது மதிப்புகள் எல்லாம் இந்த இடைவெளிக்குள் போய்ச் சேர வேண்டும். கார்டிலிருந்து இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சமிக்ஞை) வந்து, வேலையைச் செய்யும் த்ரெட் எழுவதற்குள்ளேயே அதில் ஒரு பகுதி போய்விடும். மிச்சத்தை ரீட்கள் தின்றன. பாதி ரெஜிஸ்டர்களுக்குப் புது மதிப்பு போவதற்குள் அடுத்த ஃபிரேம் தொடங்கிவிட்டது.

ரீட் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? சிபியுவையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் மெமரி ரைட்டுக்குப் பதில் வரவேண்டியதில்லை. சிபியு அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ரீட் கார்டுவரை போய் மதிப்போடு திரும்பும்வரை சிபியு காத்திருக்கத்தான் வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரீட் தனக்கு முன்னே போன ரைட்களைத் தாண்டிப் போகக்கூடாது என்பது விதி. அதனால் முப்பது ரைட்டுக்குப் பின் ஒரு ரீட் போட்டால், அந்த முப்பதும் போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்தே காத்திருக்கிறீர்கள். ரைட்களுக்கு நடுவே ரீட்களைத் தூவுவதுதான் மிக மோசம்.

முதலில் எண்ணுங்கள். லினக்ஸில் டிரைவரின் ரெஜிஸ்டர் அணுகல்களைப் பதிவுசெய்யும் எம்எம்ஐஓட்ரேஸ் இதற்கென்றே இருக்கிறது. டிரைவரை ஏற்றுவதற்கு முன்பே அதை இயக்கிவிட வேண்டும், பிறகு இயக்கினால் ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொரு ரீட்டும் ரைட்டும் முகவரியோடும் மதிப்போடும் தனி வரியாக வரும். ஒவ்வொரு அணுகலையும் பேஜ் ஃபால்ட் வழியாக இடைமறித்து வேலை செய்வதால் எல்லாம் மெதுவாகிவிடும், ஆகவே எண்ணிக்கையை நம்புங்கள், நேரத்தை நம்பாதீர்கள். இன்டெல் ஐ915 டிரைவரில் வேலை செய்பவர்களுக்கு ரெஜிஸ்டர் அணுகலுக்கென்றே தனி ட்ரேஸ்பாயின்ட் (கெர்னலில் இருக்கும் பதிவுப் புள்ளி) உண்டு. முகவரிவாரியாக வரிசைப்படுத்தினால் எந்த ரெஜிஸ்டர் அடிக்கடி வருகிறது என்று தெரிந்துவிடும். டிரைவர் ஏறும்போது ஒரே ஒருமுறை நடக்கும் ரீட்டைத் தொடவேண்டாம், அதில் கிடைக்கும் லாபம் அற்பம். ஃபிரேமுக்கு ஒருமுறை, இன்டரப்டுக்கு ஒருமுறை நடப்பவற்றை மட்டும் எடுங்கள்.

எடுத்த ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இந்த மதிப்பை மாற்றுவது யார்?

டிரைவர் மட்டும்தான் என்றால் அதைக் கார்டிடம் கேட்கத் தேவையே இல்லை. நாம் எழுதியதை நாமே நினைவில் வைத்துக்கொள்ளலாம். என் 140-இல் பெரும்பாலானவை இந்த ரகம். ஒரு பிட்டை மாற்ற முழு ரெஜிஸ்டரையும் படித்து, மாற்றி, திரும்ப எழுதும் கோடு (நிரல்). பிளேனின் ஸ்ட்ரக்சரில் ஒரு நிழல் பிரதி வைத்து, அதை மாற்றி எழுதினால் ரீட் போய்விடும். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக்கை மறக்காதீர்கள், இரண்டு த்ரெட்கள் ஒரே பிரதியைத் தொட்டால் ஒருவர் எழுதியது தொலையும். தொடக்க மதிப்பை மட்டும், டிரைவர் கார்டைக் கண்டு தயாராகும் புரோப் நேரத்தில் ஒருமுறை ஹார்டுவேரிலிருந்தே படியுங்கள். ஃபர்ம்வேர் வைத்துவிட்டுப் போன பிட்களைப் பூஜ்யமாக்கினால் திரை கறுப்பாகும். ரெக்மேப் (ரெஜிஸ்டர் அணுகலுக்கான லினக்ஸ் கெர்னல் வசதி) பயன்படுத்தும் டிரைவர் என்றால் அதன் கேஷே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஹார்டுவேர் தானாக மாற்றும் ரெஜிஸ்டர்களை மட்டும் வோலடைல் (தானாக மாறக்கூடியது) என்று சொல்லிவிட வேண்டும்.

ஹார்டுவேர் மாற்றுகிறது என்றால் ரீட் இருக்கட்டும். இன்டரப்ட் நிலை, ஸ்கேன்லைன் எண் (திரையில் இப்போது வரையப்படும் வரி) எல்லாம் இதில் சேரும். படித்தாலே அழியும் ரெஜிஸ்டர்களும் உண்டு, அங்கே அழிப்பதற்காகவே ரீட் நடக்கிறது. ஆனால் ஜிபியு எந்த வேலைவரை முடித்தது என்று ரெஜிஸ்டரைச் சுற்றிச் சுற்றிக் கேட்கும் கோடு இருந்தால் மாற்றுங்கள். முடித்த எண்ணை ஜிபியுவையே மெமரியில் எழுதச் சொல்லலாம், சிபியு அங்கிருந்து படிக்கும்.

இனி ஆபத்தான இடம். படித்த மதிப்பை யாரும் பயன்படுத்தாத ரீட்களைப் பார்த்ததும் கை அரிக்கும். நானும் ஒன்றை அழித்தேன். கார்டின் கடிகாரத்தை (கிளாக் சிக்னலை) இயக்கும் ஒரு ரைட், அடுத்து ஒரு ரீட், அடுத்து 10 மைக்ரோ செகண்ட் காத்திருப்பு. ரீட் வீண் என்று நினைத்தேன். அதன்பின் எப்போதாவது ஒருமுறை திரை எழாமலே போனது. ரைட் இன்னும் வழியில் இருக்கும்போதே காத்திருப்பு தொடங்கிவிட்டது, கடிகாரம் நிலைகொள்ள வேண்டிய 10 மைக்ரோ செகண்ட் அதற்குக் கிடைக்கவில்லை. அந்த ரீட்தான் ரைட்டைக் கார்டுவரை தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. லினக்ஸ் கெர்னலின் மெமரி பேரியர் ஆவணம் இதே உதாரணத்தைச் சொல்கிறது. ரைட்டுக்குப் பின் காத்திருப்பு வந்தால், அல்லது இன்டரப்டை மூடிவிட்டு அது உண்மையிலேயே மூடிவிட்டது என்று நம்பி அடுத்த வேலை நடந்தால், ரீட்டை விட்டுவைத்து அதன் மேலே காரணத்தை எழுதுங்கள். ரைட்டுக்குப் பின் இன்னொரு ரைட் மட்டும் வருகிறது, நடுவில் யாரும் எதற்காகவும் காத்திருக்கவில்லை என்றால் தாராளமாக அழிக்கலாம்.

நிழல் பிரதி பொய் சொல்லும் நேரங்கள் இரண்டு: சஸ்பெண்டிலிருந்து எழும்போதும், ஜிபியு ரீசெட் ஆனபோதும். பிரதியில் பழைய மதிப்பு இருக்கும், ஹார்டுவேர் எல்லாவற்றையும் மறந்திருக்கும். “மதிப்பு மாறவில்லை, எழுத வேண்டாம்” என்று தவிர்க்கும் கோடு இருந்தால் கட்டாயம் உடையும். இந்த இரண்டு நேரங்களிலும் பிரதி முழுவதையும் கார்டில் திரும்ப எழுதுங்கள். பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் ஒரு சோதனையையும் சேர்த்தேன்: ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் ஹார்டுவேரைப் படித்துப் பிரதியோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் எச்சரிக்கும். ஃபர்ம்வேர் எங்களுக்குத் தெரியாமல் தொட்ட ஒரு ரெஜிஸ்டரை அதுதான் காட்டிக்கொடுத்தது.

ஒரு கமிட்டில் (ஒரு முறை பதியும் மாற்றத்தில்) ஒரு ரெஜிஸ்டர் குடும்பத்துக்கு மேல் தொடாதீர்கள். மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவரின் திரை மினுக்கினால், பைசெக்ட் (பிழையைக் கொண்டுவந்த கமிட்டைப் பாதி பாதியாகத் தேடும் முறை) நேராக அந்த ரீட்டிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

என் பிளேன் அப்டேட்டில் இப்போது இரண்டு ரீட்களே இருக்கின்றன, இரண்டும் ஸ்கேன்லைன் எண்ணைப் படிப்பவை. முதலாவது, நேரம் போதுமா என்று தொடங்கும் முன் பார்க்கிறது. இரண்டாவது, நேரத்துக்குள் முடித்தோமா என்று கடைசியில் பார்க்கிறது, போகிற போக்கில் எல்லா ரைட்களையும் கார்டில் சேர்த்துவிடுகிறது.