கிறிஸ்துமஸ் காலுறைக்குள் போட, கையால் செய்த பரிசுகள்

கிறிஸ்துமஸ் காலுறையை நிரப்பக் காசைக் கரைக்க வேண்டாம். நான் முதலில் தேடுவது உடைந்த கிரேயான் துண்டுகளைத்தான்; அவற்றை உருக்கிக் குழந்தைகளுக்குப் புது நட்சத்திர கிரேயான் செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டால் தாள் சுலபமாக உரிந்து வரும். ஈரத்தைத் துடைத்து, 1 செ.மீ. அளவுக்கு உடைத்து, நட்சத்திர வடிவ சிலிகோன் அச்சில் தலைதட்ட நிரப்புங்கள். உருகினால் மட்டம் இறங்கிவிடும். ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம். உருகியதும் கலக்காதீர்கள், ஒருமுறை நான் குச்சியால் கிளறப்போய் எல்லாம் சேற்று நிறமாகிவிட்டது. நன்றாக ஆறியபின் அச்சிலிருந்து எடுங்கள். அந்த அச்சு இனி சமையலுக்கு ஆகாது.

பெரியவர்களுக்குக் கோகோ கலவை: பால்பவுடர் 2 பங்கு, கோகோ 1, சர்க்கரை 1, ஒரு சிட்டிகை உப்பு. ஈரமில்லாத சின்ன பாட்டிலில் போட்டு மூடினால் போதும்.

அப்புறம், ஒரு வேலையைச் செய்து தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டுகள். "இன்று பாத்திரம் நான் கழுவுகிறேன்" என்று எழுதிய ஒன்றை என் கணவர் மார்ச் வரை பத்திரமாக வைத்திருந்து, வீடு நிறைய விருந்தாளிகள் வந்த அன்று நீட்டினார்! கடைசித் தேதி போட மறக்காதீர்கள்.

நிரப்பும்போது கனமான பாட்டில் கால்விரல் பக்கம், சீட்டு மேலே.