ஒரே பட்டனில் ரூட்: டிசிசி மாடல் ரயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி மாடல் ரயிலை இயக்கும் முறைதான் டிசிசி. அதில், ஆறு லைன் உள்ள யார்டில் கடைசி லைனுக்கு ஒரு ரயிலை அனுப்ப, வழியில் இருக்கும் ஐந்து பாயிண்ட்களையும் (வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்புகள்) எண் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வண்டி வேறு லைனுக்குள் போய்விடும். அந்த ஐந்து கட்டளைகளையும் ஒரே பட்டனில் அடக்கினால் அதுதான் ரூட். கட்டளைகளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனில் மேக்ரோவாகப் போடலாம், அவற்றை வாங்கிப் பாயிண்ட் மோட்டாரை இயக்கும் டிகோடர்களில் சிலவற்றுக்குள்ளேயே பதியலாம், கணினியில் ஜேஎம்ஆர்ஐ போன்ற மென்பொருளிலும் செய்யலாம். எங்கே செய்தாலும் ரூட் என்பது சேமித்து வைத்த கட்டளைப் பட்டியல்தான். பாயிண்ட் நிஜமாகவே திரும்பியதா, அதன்மேல் வண்டி நிற்கிறதா என்பதெல்லாம் நாம் சொல்லிக் கொடுக்காதவரை அதற்குத் தெரியாது. இங்கே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, ஒழுங்காக ஓடாத பாயிண்ட்டை ரூட்டில் சேர்ப்பது. நகரும் தண்டவாளம் பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டாமல் மயிரிழை இடைவெளி விட்டு நின்றால், எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. ஒவ்வொரு பாயிண்ட்டையும் தனியாகப் பலமுறை இருபுறமும் திருப்பிப் பார்த்து, மேலே வண்டியைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் ரூட் பக்கமே போக வேண்டும்.

அப்புறம் எண்கள். டிசிசியில் பாயிண்ட் முகவரியும் எஞ்சின் முகவரியும் தனித்தனி என்பதால், 5ஆம் எண் எஞ்சினும் 5ஆம் எண் பாயிண்ட்டும் மோதிக்கொள்ளாது. குழப்பம் வேறு இடத்தில் வருகிறது. பாயிண்ட் முகவரிகள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டவை. அந்தத் தொகுப்பை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் நிறுவனங்கள் வேறுபடுவதால், ஒரு கருவியில் 1 என்று அழுத்தினால் வேலை செய்யும் பாயிண்ட், இன்னொரு கருவியில் 5 என்றால்தான் அசையும். நீங்கள் பயன்படுத்தப்போகும் எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒவ்வொரு எண்ணையும் சோதித்துவிட்டு ரூட்டை எழுதுங்கள். பல டிகோடர்கள் பட்டனையோ ஜம்பரையோ (இரண்டு முனைகளை இணைக்கும் சிறு செருகி) போட்ட பிறகு வரும் முதல் பாயிண்ட் கட்டளையைத் தம் முகவரியாக எடுத்துக்கொள்ளும். அந்த ஜம்பரைக் கழற்ற மறந்தாலோ, அந்த நேரத்தில் கணினி ஏதாவது ரூட்டை ஓட்டினாலோ, டிகோடர் வேறு எண்ணுக்கு மாறிவிடும். எண் பதியும்போது மென்பொருளை மூடி வைப்பது நல்லது.

நேர், திருப்பம் இரண்டும் தலைகீழாக வருவதும் உண்டு. பலர் ரூட்டிலேயே தலைகீழாக எழுதிச் சமாளிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மோட்டாரின் ஒயரை மாற்றுங்கள், அல்லது டிகோடர் அமைப்பில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பாயிண்ட் வரும் ஒவ்வொரு ரூட்டிலும், ஒவ்வொரு பேனல் விளக்கிலும் அதே விதிவிலக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதிகம் படுத்துவது மின்சாரம். மின்காந்தத்தால் சட்டென்று இழுக்கும் சொலினாய்டு மோட்டார் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். ஐந்து சொலினாய்டுகளை ஒரே கணத்தில் சுடச் சொன்னால் கடைசி இரண்டு பாதியில் நிற்கலாம். மின்தேக்கியில் சேமித்துச் சுடும் டிகோடராக இருந்தால், அடுத்த பாயிண்ட்டுக்கு முன் அது மறுபடி நிரம்ப அவகாசம் வேண்டும். ஆகவே கட்டளைகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். ஜேஎம்ஆர்ஐயில் இணைப்பு அமைப்புகளிலேயே இதற்கு ஒரு நேர அளவு இருக்கிறது. டார்டாய்ஸ் போல மெதுவாகத் திரும்பும் மோட்டார்கள் 20 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே எடுப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை திரும்பி முடிக்க 3 நொடி அளவுக்கு ஆகும். பட்டனை அழுத்திய கையோடு வண்டியைக் கிளப்பினால் பாதி திரும்பிய பாயிண்ட்டில் ஏறும்.

இதைவிட எரிச்சலூட்டும் இன்னொன்று உண்டு. பாயிண்ட் டிகோடர்களும் தண்டவாளமும் ஒரே மின்வழியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் பாயிண்ட்டுக்குள் நுழைகிறது. இரு வழிகளின் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடமான ஃப்ராக்கில் மின்சாரம் இருக்கும் வகையென்றால் உடனே ஷார்ட். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அணைகிறது. பாயிண்ட்டைத் திருப்பினால் ஷார்ட் போய்விடும், ஆனால் திருப்பும் டிகோடருக்கும் உயிர் இல்லை. கையை விட்டு எஞ்சினைத் தூக்குவதைத் தவிர வழியில்லை. டிகோடர்களுக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுத்தாலும் முழுத் தீர்வு ஆகாது, கட்டளை வரும் கம்பியே ஷார்ட்டில் இருக்கிறதே. டிகோடர்களுக்கான வழியைக் கமாண்ட் ஸ்டேஷனிலிருந்து நேரடியாக எடுத்து, தண்டவாளத்துக்குப் போகும் வழியில் சர்க்யூட் பிரேக்கர் போடுங்கள். அது கமாண்ட் ஸ்டேஷனை முந்தி அணையும்படி அமைக்க வேண்டும். ரூட் போடத் தொடங்கும் யாருக்கும் முதலில் இந்த ஒயரிங்கை மாற்றத்தான் சொல்வேன்.

ரூட்டில் எந்தப் பாயிண்ட்களைச் சேர்ப்பது என்பதில் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். வண்டி ஓடும் வழியில் இருப்பவற்றை மட்டும் சேர்த்தால், பக்கத்து லைனிலிருந்து வரும் வண்டி மோதும் வாய்ப்பு திறந்தே இருக்கும். இணை லைன்களுக்கு இடையிலான கிராஸ்ஓவரில் இரண்டு பாயிண்ட்களும் சேர்ந்தேதான் திரும்ப வேண்டும். மறுபக்கம், எதற்கும் இருக்கட்டும் என்று யார்டின் எல்லாப் பாயிண்ட்களையும் ஒரே ரூட்டில் திணித்தால், வேறு லைனில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் பாயிண்ட் திரும்பும். மூவழிப் பாயிண்ட்டிலும், குறுக்கிடும் இரண்டு லைன்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் வழியுள்ள டபுள் ஸ்லிப்பிலும் இரண்டு மோட்டார்கள் இருக்கும். மூவழிப் பாயிண்ட்டில் அந்த இரண்டு மோட்டார்களின் நிலைகளில் ஆகாத சேர்க்கை ஒன்றும் உண்டு. அது நடுவழியில்கூட வராதபடி கட்டளைகளை வரிசைப்படுத்த வேண்டும்.

வண்டிக்கு அடியில் பாயிண்ட் திரும்புவதை நிஜ ரயில்வே இன்டர்லாக்கிங்கால், அதாவது பாயிண்ட்களையும் சிக்னல்களையும் ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் ஏற்பாட்டால், தடுக்கிறது. ஜான் சாக்ஸ்பி இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றது 1856இல். மாடலில் அதைக் கொஞ்சமாவது கொண்டுவர, பாயிண்ட் இருக்கும் பகுதிக்கு வண்டி உணரும் சென்சார் வேண்டும். வண்டி நிற்கும்போது ரூட்டை மறுக்கும்படி அந்த சென்சாரை ஜேஎம்ஆர்ஐயில் அமைக்கலாம்.

திரையில் பாயிண்ட் திரும்பிவிட்டதாகக் காட்டினால் நம்பலாமா? பாயிண்ட்டின் நிஜ நிலையைத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் இல்லாத அமைப்பில் மென்பொருள் காட்டுவது தான் கடைசியாக அனுப்பிய கட்டளையைத்தான். யாராவது கையால் திருப்பியிருந்தாலும் அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மைக்ரோ சுவிட்ச் போடப் பணமோ பொறுமையோ இல்லையா, சரி, ஒளிந்திருக்கும் யார்டுக்கும் கண்ணுக்கெட்டாத பாயிண்ட்களுக்கும் மட்டுமாவது போடுங்கள். எல்லாப் பாயிண்ட்களும் சரியாக அமைந்த பிறகு மாறும் சென்சார் ஒன்றையும் ரூட்டோடு இணைத்து, அது மாறினால்தான் சிக்னல் பச்சையாகும்படி வைக்கலாம்.

ஒரு ரூட் இன்னொரு ரூட்டைக் கிளப்புவதும் வசதிதான். ஆனால் முதல் ரூட் திருப்பும் பாயிண்ட் இரண்டாவதைத் தூண்டி, இரண்டாவது மறுபடி முதலாவதைத் தூண்டினால் பாயிண்ட்கள் இங்குமங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு படிக்கு மேல் அடுக்காமல் இருப்பது நல்லது.

தினமும் முதலில் மின்சாரம் போட்டதும் எந்தப் பாயிண்ட் எப்படி இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தெரிந்த நிலைக்குக் கொண்டுவரும் ஒரு தொடக்க ரூட் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதைத் தானாக ஓட விடாமல் பட்டனிலேயே வையுங்கள். முந்தின நாள் ஏதாவது வேகன் பாயிண்ட்மேல் நின்றுபோயிருந்தால் அழுத்துவதற்கு முன் பார்த்து நகர்த்தலாம்.