நிட்டினால் துண்டுகள் சீக்கிரமே உடைந்ததன் காரணம்

பினாங்கின் பாயான் லெப்பாஸில், ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் செய்யும் இடத்தில் சோர்வுச் சோதனை என் வேலை, அதாவது திரும்பத் திரும்ப ஆட்டினால் பொருள் எப்போது உடைகிறது என்று பார்ப்பது. நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகமான நிட்டினாலில் செய்த வைர வடிவத் துண்டுகளை 37 டிகிரி நீரில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்போம். ரத்தக்குழாய் ஸ்டென்ட் 10 ஆண்டுத் துடிப்பைத் தாங்க வேண்டும், அதாவது சுமார் 40 கோடி சுழற்சி, 50 ஹெர்ட்ஸில் ஓட்டினாலே மூன்று மாதம்.

கணினி மாதிரி தாங்கும் என்று சொன்ன திரிபிலேயே (உலோகம் நீண்டு சுருங்கும் விகிதம்) துண்டுகள் உடைந்தன. உடைந்தது மாதிரி காட்டிய அதே வளைவில். இடம் சரி, ஆயுள் மட்டும் தப்பு என்பதுதான் எனக்கு உறுத்தியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விரிசல் தொடங்கிய இடத்தைப் பார்த்தோம், விரிசலைத் தொடக்கிவிடக்கூடிய, உலோகத்துக்குள் சிக்கிய பெரிய அயல்துகள் எதுவும் இல்லை.

அப்புறம் சீனியர் அண்ணன் கேட்டார்: “தம்பி, மெஷின் எவ்வளவு ஆடுதுன்னு பாத்தீங்க, துண்டு எவ்வளவு ஆடுது?”

அதிவேகக் கேமராவில் பார்த்தால், 50 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு (துண்டின் இயல்பான அதிர்வோடு ஆட்டும் வேகம் ஒத்துப்போவது) நெருங்கி, துண்டு நாங்கள் கொடுத்த அளவைவிட அதிகமாக விரிந்து சுருங்கியது. விசையை அளக்கும் சுமைமானியில் இது எளிதில் தெரியாது, ஏனென்றால் இந்த உலோகத்தின் தகைவு-திரிபு வரைபடத்தில் தட்டையாக ஓடும் தளப்பகுதிக்குள் திரிபு கூடினாலும் தகைவு (பரப்பளவுக்கு உள்ள விசை) அதிகம் ஏறாது, ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது திரிபின் வீச்சுதான், அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் அது ஏறி இறங்கும் அளவு.

30 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் அந்த மிகை ஆட்டம் நின்றது. சோதனை ஐந்து மாதமாக நீண்டது, சரி, பரவாயில்லை, உடம்புக்குள் போகும் பொருள். பழைய துண்டுகளுக்குக் கேமராவில் அளந்த இடப்பெயர்ச்சியை மாதிரியில் கொடுத்து சராசரித் திரிபையும் வீச்சையும் மறுபடி கணக்கிட்டோம், சீக்கிரம் உடைந்தவையும், எந்தத் திரிபில் எத்தனை சுழற்சி தாங்கும் என்று காட்டும் ஆயுள் வரைபடத்தில் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன.