‘ரிஃப்ளக்ஸ்’ என்ற ஒரே சொல்லைத் துறை பார்த்துப் படிப்பது எப்படி?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் என் அக்காவின் மகள், மேலதிக வாசிப்புக்காக எடுத்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை ஒரு மாலையில் என் மேசையில் விரித்து வைத்தாள். “மாமா, இந்தச் சொல் ஒரு புத்தகத்தில வருத்தம், மற்றதில செய்முறை. அகராதியில ரெண்டுக்கும் பின்னோட்டம் எண்டுதான் கிடக்கு” என்றாள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பை அன்றாட வேலையாகச் செய்கிற எனக்கும் இந்தச் சொல் பல தடவை கால்தடுக்கியிருக்கிறது. அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையையே, புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்காகப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் எழுத்தைச் சரிபாருங்கள்

‘ரிஃப்ளக்ஸ்’ (reflux) வேறு, ‘ரிஃப்ளெக்ஸ்’ (reflex) வேறு. சூடான தாச்சியில் விரல் பட்டதும் கை தானாகவே பின்வாங்குகிறதே, அது ரிஃப்ளெக்ஸ். நமது பாடநூல்கள் அதனைத் தெறிவினை என்கின்றன. கைத்தொலைபேசி திருத்தும் கடைகளில் காதில் விழும் ‘ரிஃப்ளோ’ (reflow) என்பது ஈயப்பற்றை மீண்டும் உருக்கி ஒட்டவைக்கும் வேலை. நம் எழுத்தில் இம்மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிவதால், மூலத்தில் இருப்பது எது என்று பார்த்துவிட்டே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: சொல்லைப் பிரித்து, முன்திசையைக் குறியுங்கள்

இலத்தீனில் ‘ரே’ என்றால் திரும்ப, ‘ஃப்ளூவரே’ என்றால் பாய்தல். ஆகவே ஃப்ளக்ஸ் பாய்ச்சல் என்றால் ரிஃப்ளக்ஸ் திரும்பும் பாய்ச்சல். பிரெஞ்சு மொழியில் இன்றும் கடலின் பெருக்கையும் வற்றையும் இந்த இரண்டு சொற்களாலேயே குறிக்கிறார்கள். பெருக்கு ஃப்ளக்ஸ், வற்று ரிஃப்ளக்ஸ்.

இதனை நமது வாவியை வைத்துப் பார்த்தால் ஒரு நுட்பம் பிடிபடும். கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்கிறது. மாரியில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து இறங்கும் வெள்ளம் வாவியை நிரப்பியதும், ஆற்றுவாய் தானாக உடைகிறது, அல்லது வெட்டிவிடப்படுகிறது. அப்போது மண்ணிறத் தண்ணீர் கடலை நோக்கிப் பாய்கிறது. வெள்ளம் தணிந்து வாவியின் மட்டம் இறங்கிய பிறகு, அதே வாயால் கடல் உள்ளே வருகிறது. “உப்புத்தண்ணி ஏறிற்று” என்று மீன்பிடிப்பவர்கள் சொல்வது அதனைத்தான். வாவிப் பக்கம் நின்று பார்ப்பவருக்குக் கடல் உள்ளே ஏறுவது ரிஃப்ளக்ஸ். கடற்கரையில் நின்று வற்றையும் பெருக்கையும் கணக்கெடுப்பவருக்கோ தண்ணீர் கடலுக்குத் திரும்புவதுதான் ரிஃப்ளக்ஸ். தண்ணீர் ஒன்றுதான் என்றாலும் எந்தத் திசையை ‘முன்’ என்று வைத்துக்கொள்கிறோமோ அதற்கு எதிர்த்திசையே அந்தப் பெயரைப் பெறுகிறது. ஆகையால் எந்த வாக்கியத்தைப் படித்தாலும் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு முன்திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மூன்று கேள்விகளைக் கேளுங்கள்

பாய்வது என்ன? அதன் முன்திசை எது? அது திரும்பி வருவது கோளாறா, அல்லது வேண்டுமென்றே செய்யப்பட்டதா? முதல் இரண்டுக்கும் விடை பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். மருமகள் தடுமாறியது மூன்றாவதில். மருத்துவத்தில் இச்சொல் பெரும்பாலும் ஒரு கோளாற்றின் பெயர். இரசாயனவியலில் அது ஒரு நுட்பத்தின் பெயர். இதனைப் பிரித்தறியாமல் தமிழ்ச் சொல் தேடுவது வீண்வேலை.

படி 4: உடலுக்குள் வைத்துப் பாருங்கள்

உணவு வாயிலிருந்து களத்தின் (உணவுக்குழாயின்) வழியாக இரைப்பைக்கு இறங்குகிறது; இதுவே முன்திசை. களம் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம்போன்ற ஓர் இறுக்கித் தசை உண்டு. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட்டு, பின்னர் இறுகி மூடிக்கொள்ள வேண்டும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறுகிறது. அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு இருக்கிறது; களத்துக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. நெஞ்செரிவு உண்டாவது அதனால்தான். வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் இது கூடுவதற்குக் காரணம், நிமிர்ந்திருக்கும்போது கிடைக்கும் புவியீர்ப்பின் உதவி படுத்ததும் இல்லாமற் போவதே. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் 2 அல்லது 3 மணிநேரம் விடச் சொல்வதும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொல்வதும் இதற்காகவே. விழுங்கச் சிரமம், காரணமில்லாத மெலிவு, இரத்த வாந்தி போன்றவை இருந்தால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். நெஞ்சு நோவை எல்லாம் ‘காஸ்’ என்று தாமே முடிவுகட்டுவது ஆபத்து, ஏனெனில் மாரடைப்பும் அப்படித் தொடங்கலாம்.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிறது: எதுக்களிப்பு. கைக்குழந்தை குடித்த பாலைக் கடைவாயில் வடிப்பதற்குக் கக்குதல் என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு ‘இரைப்பை உணவுக்குழாய்ப் பின்னோட்டம்’ என்று நீட்டி எழுதுவது நோயாளிக்கான துண்டுப்பிரசுரத்துக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். பாடநூலில் அப்படி எழுதலாம்.

உடலில் இதே கோளாறு வேறு இடங்களிலும் நேர்கிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் கான், பையின் சுவரைச் சரிவாகத் துளைத்துக்கொண்டு நுழைவதால், பை நிரம்பும்போது அது அழுத்தப்பட்டு மூடிக்கொள்கிறது. சில குழந்தைகளுக்கு அந்தச் சரிவுப் பகுதி போதிய நீளம் இல்லாததால் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும்; அதன் தீவிரத்தை 1 முதல் 5 வரை தரப்படுத்துகிறார்கள். காலின் நாளங்களில் இரத்தம் இதயத்தை நோக்கி ஏறவேண்டும், வழியில் உள்ள வால்வுகள் பழுதானால் அது கீழே திரும்பித் தேங்கும். “காலில் நரம்பு புடைச்சிருக்கு” என்று வீட்டில் சொல்வது இதனைத்தான், ஆனால் புடைத்திருப்பது நரம்பன்று, நாளம்.

படி 5: ஆய்வுகூடத்துக்குள் வைத்துப் பாருங்கள்

இங்கேதான் சொல் குணம் மாறுகிறது. மீன் சொதியை மூடிபோட்டுக் கொதிக்கவிட்டு, சிறிது நேரத்தின் பின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்து நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து, கனம் தாங்காமல் சட்டிக்குள்ளேயே விழுகின்றன. எவ்வளவு நேரம் கொதித்தாலும் சொதி எளிதில் வற்றாது. இரசாயனவியலாளர் இதையே கண்ணாடியில் செய்கிறார்.

எதனோலையும் எதனோயிக் அமிலத்தையும் சேர்த்து, சில துளிகள் செறிந்த சல்பூரிக் அமிலத்தை ஊக்கியாக இட்டு, எசுத்தர் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். தாக்கம் மெதுவானது; சூடாக்கினால் விரைவாகும். ஆனால் எதனோல் 78 பாகை செல்சியசை அண்டிக் கொதித்துப் பறந்துவிடும், திறந்த பாத்திரத்தில் சிறிது நேரத்திலேயே மூலப்பொருள் குறையும், அறையும் எரியக்கூடிய ஆவியால் நிரம்பும். ஆகவே வட்டவடிக் குடுவையின் வாயில் ஒடுக்கியை, அதாவது குளிர்நீர் ஓடும் உறை சூழ்ந்த கண்ணாடிக் குழாயை, நிமிர்த்திப் பொருத்துகிறார்கள். ஆவி மேலே ஏறி, குளிர்ந்து, திரவமாகிக் குடுவைக்கே வடிகிறது. புத்தகம் ‘2 மணிநேரம் ரிஃப்ளக்ஸ் செய்க’ என்று சொன்னால், அவ்வளவு நேரமும் எதையும் இழக்காமல் கொதிநிலையிலேயே வைத்திரு என்பது பொருள்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. குளிர்நீர் ஒடுக்கியின் கீழ்க்குழாயால் நுழைந்து மேற்குழாயால் வெளியேற வேண்டும். மாறிப் பொருத்தினால் உறை முழுமையாக நிரம்பாது. கொதி சீராக வருவதற்கான சிறு கற்களைச் சூடாக்குவதற்கு முன்பே போட வேண்டும், ஏனெனில் சூடான திரவத்தில் பிறகு போட்டால் அது பொங்கி வெளியே பாயும். ஒடுக்கியின் மேல்வாயை ஒருபோதும் அடைப்பானால் மூடக் கூடாது. மூடிய தொகுதியைச் சூடாக்குவது வெடிப்புக்கு வழி. ஆவி ஒடுங்கும் ஈர வளையம் ஒடுக்கியின் கீழ் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதபடி வெப்பத்தைக் குறைத்து வைத்தால் போதும். இதனை ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுகூடத்தில்தான் செய்ய வேண்டும், வீட்டில் அல்ல.

இதன் பெரிய வடிவம் ஆலைகளில் இருக்கிறது. அம்பாறையில் ஹிங்குராணைப் பக்கம் கரும்பு விளைகிறது. கரும்பாலையில் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து மதுசாரம் வடிக்கும் உயர்ந்த கோபுரம் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். உச்சியில் ஒடுங்கிய திரவம் முழுவதையும் வெளியே எடுக்காமல், ஒரு பங்கை மீண்டும் கோபுரத்துக்குள் இறக்குகிறார்கள். இறங்கும் திரவமும் ஏறும் ஆவியும் தட்டுக்குத் தட்டு சந்திக்கும்போது, நீர் கீழே இறங்க, மதுசாரம் மேலே செறிகிறது. உச்சியில் கிடைக்கும் ஒவ்வொரு 4 லீற்றரிலும் 3 திரும்பி 1 வெளியேறினால் ரிஃப்ளக்ஸ் விகிதம் 3. விகிதம் கூடினால் தூய்மை கூடும், ஆனால் எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். எவ்வளவு திருப்பினாலும் எதனோலும் நீரும் மட்டும் உள்ள கலவையைச் சாதாரண அமுக்கத்தில் நிறைப்படி ஏறத்தாழ 95.6 சதவீதத்துக்கு மேல் இப்படித் தூய்மையாக்க முடியாது. அந்த நிலையில் ஆவியும் திரவமும் ஒரே அமைப்பை அடைந்துவிடுகின்றன.

படி 6: குழாயில் வைத்துப் பாருங்கள்

நீர்வழங்கல் பொறியியலில் ‘ரிஃப்ளக்ஸ் வால்வு’ என்பது தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு அன்று. திரும்பாமல் தடுக்கும் வால்வு. தொடக்கநிலையில் பலர் இதில் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன், ஆனால் சொல்லில் அல்ல, கிணற்றில். ஒரு மாதமாகக் காலையில் மோட்டரைப் போட்டால் உறுமும், தண்ணீர் வராது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் குழாயை நிரப்பினால் வரும். திருத்த வந்தவர் புதிய மோட்டர் வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். மனம் ஒப்பாமல் உறிஞ்சு குழாயை மேலே இழுத்துப் பார்த்தபோது, அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வின் இறப்பர் நாக்குக்கும் பித்தளை விளிம்புக்கும் நடுவில் பச்சரிசி அளவில் ஒரு பருக்கைக்கல் சிக்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாக இரவு முழுவதும் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பியிருக்கிறது. இறுக்கித் தசைக்கும் கால்நாளத்து வால்வுக்கும் நேர்வது இதுதான்: நாக்கு முழுமையாக மூடாத ஒரு சிறு இடைவெளி.

படி 7: கடனிலும் கணினியிலும் வந்தால்

பொருளியலில் ‘ரிஃப்ளக்ஸ் விதி’ என்ற தொடர் வந்தால், 1844 இல் பிரித்தானியப் பொருளியல் எழுத்தாளர் ஜோன் ஃபுல்லார்ட்டன் முன்வைத்த கருத்தை நினையுங்கள். வங்கிகள் தாமே நாணயத்தாள் வெளியிட்ட காலம் அது. பெரும்போகத்துக்கு விதைக்கும்போது விவசாயி கடன் வாங்குகிறார். தாள்கள் உரக்கடைக்கும் கூலிக்கும் போகின்றன. அறுவடையில் நெல் விற்றுக் கடனை அடைக்கும்போது அவை வங்கிக்கே திரும்புகின்றன. ஆகவே கடன் வழியாக வெளியேறும் தாள்கள் நிரந்தரமாக மிஞ்சிக் கிடக்காது என்பது அவரது வாதம். நம் நாட்டில் 1950 இல் இயங்கத் தொடங்கிய இலங்கை மத்திய வங்கியே தாள்களை வெளியிடுவதால், இந்த உதாரணம் விளங்கிக்கொள்வதற்கு மட்டுமே. இங்கே திரும்புவது கோளாறும் அன்று, நுட்பமும் அன்று, ஓர் ஒழுங்கு.

கணினி நிரலாக்கத்தில் ‘ரிஃப்ளக்ஸ்’ என்பது ஜாவாஸ்கிரிப்ட் கருவி ஒன்றின் பெயர். தரவு ஒரே திசையில் போகவேண்டும் என்பதற்காக உருவான ஃப்ளக்ஸ் முறையைத் தழுவியது அது. பெயரை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள்.

படி 8: பயிற்சி செய்யுங்கள்

மூன்று வாக்கியங்களைச் சோதித்துப் பாருங்கள். ‘படுத்தபின் ரிஃப்ளக்ஸ் கூடுகிறது’ என்பதில் பாய்வது அமிலம், முன்திசை கீழ்நோக்கியது, திரும்புவது கோளாறு. எதுக்களிப்பு என்று எழுதலாம். ‘கோபுரம் முழு ரிஃப்ளக்ஸில் இயக்கப்பட்டது’ என்பதில் உச்சியில் ஒடுங்கிய எதுவும் வெளியே எடுக்கப்படவில்லை, எல்லாம் உள்ளே திருப்பப்பட்டது. வேண்டிச் செய்ததால் ‘மீள்வடிவு’, ‘மீளச்செலுத்தல்’ போன்ற சொல் பொருந்தும், பின்னோட்டம் என்றால் ஏதோ பழுதானதுபோல் ஒலிக்கும். ‘பம்புக்கு அப்பால் ரிஃப்ளக்ஸ் வால்வு பொருத்துக’ என்பதைத் திரும்பாத்தடை வால்வு என்று எழுதுங்கள். மருமகள் அதற்குப் ‘பின்னோட்ட வால்வு’ என்று எழுதியிருந்தாள், அதைப் படித்து ஒருவர் வால்வைத் தலைகீழாகப் பூட்டினால் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது.