முடிவை எடுத்துவிட்டு உபவாசிப்பதும் வேறு சில தவறுகளும்

வேதாகமத்தில் உபவாச நாள் அறிவிக்கப்படும் இடங்களில் ஒன்று 1 இராஜாக்கள் 21. அறிவிக்கச் செய்தவள் இஸ்ரவேலின் ராஜாவான ஆகாபின் மனைவி யேசபேல். நாபோத்தின் திராட்சத்தோட்டம் ஆகாபுக்கு வேண்டும். அதற்கு நாபோத் சாக வேண்டும். ஊர் மூப்பருக்கு நிருபம் எழுதி உபவாசம் கூறச் செய்து, அந்தக் கூட்டத்திலேயே பொய்ச்சாட்சிகளை நிறுத்திக் காரியத்தை முடித்துக்கொண்டாள். அன்று உண்ணாமல் இருந்த ஊராரில் பலர் உண்மையாகவே ஜெபித்திருக்கக்கூடும். முடிவு மட்டும் முன்கூட்டியே எழுதி முத்திரை போடப்பட்டிருந்தது.

எந்தச் சபையும் யேசபேலின் அளவுக்குப் போவதில்லை. ஆனால் அடுத்த போதகர் யார், ஆலயத்தை எங்கே கட்டுவது, கிளைச் சபையை மூடலாமா என்பதை நான்கு பேர் பேசி முடித்த பிறகு, "தேவசித்தம் அறிய மூன்று நாள் உபவாச ஜெபம்" என்று அறிவிப்பது நடக்கிறது. முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் அதைச் சபைக்கு நேராகச் சொல்லி, ஆசீர்வாதம் கேட்டு ஜெபிக்கலாம்; அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வழி கேட்பதுபோல் பாவனை செய்வதுதான் குற்றம். கூட்டுகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: "வேண்டாம்" என்று பதில் வந்தால் என்ன செய்வோம்? முன்பணம் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது என்றால் உபவாசத்துக்கு நாள் குறிக்கவே வேண்டாம்.

எரேமியா 42-ஐ இந்த இடத்தில் வாசிக்க வேண்டும். எருசலேம் விழுந்த பிறகு மிஞ்சியிருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தைப் பார்த்தால், அவர்கள் எகிப்துக்குப் போகப் புறப்பட்டு, பெத்லகேமுக்கு அருகே தங்கியிருந்தவர்கள். பத்து நாள் கழித்து, "இந்தத் தேசத்திலேயே தங்குங்கள்" என்று பதில் வந்ததும், எரேமியாவைப் பொய் சொல்கிறவன் என்றார்கள். அவர்கள் உபவாசித்ததாக அங்கே எழுதியில்லை; உபவாசித்திருந்தாலும் மூட்டையை அவிழ்த்திருப்பார்களா என்பது சந்தேகமே. அந்தப் பத்து நாளையும் கவனியுங்கள். தீர்க்கதரிசிக்கே உடனே பதில் வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்குள் பதிலை அறிவித்தாக வேண்டும் என்று கெடு வைத்தால், யாராவது ஒருவர் பதிலைத் தயாரித்துத்தான் கொடுப்பார்.

அடுத்தது, காரியத்தை மறைப்பது. "முக்கியமான ஒரு விஷயம், பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சபையைப் பட்டினி போடுவதில் நியாயம் இல்லை. தனிமனிதரின் மானம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஒழிய, என்ன கேட்கிறோம், கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எதிர்க்கருத்து என்ன என்பதெல்லாம் ஜெபிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஜெபமே வதந்திக்கு வழியாகிவிடும்.

ஜெப நேரத்தையே மேடையாக்குகிறவர்களும் உண்டு. "ஆண்டவரே, இங்கே சிலருடைய பிடிவாதத்தை உடைத்தருளும்" என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது, அந்தச் சிலர் யார் என்று மொத்தச் சபைக்கும் தெரியும். மூன்றாவது வரிசையிலிருந்து அதற்குப் பதில் ஜெபம் எழும். பெயர்தான் ஜெபம், நடப்பது பொதுக்குழு விவாதம். ஏசாயா 58 கண்டிக்கும் வழக்குக்கும் வாதுக்குமான உபவாசம் இதுதான். அதே அதிகாரம், உபவாச நாளிலும் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிவதைச் சொல்கிறது. ஆலயத்தைப் பெருக்குகிறவருக்கு அந்த மூன்று நாளும் இரட்டை வேலையா என்று யாராவது பார்த்தால் நல்லது.

யார் உபவாசித்தார்கள், எத்தனை நாள் என்று பட்டியல் எடுப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்று மத்தேயு 6-இல் இயேசுவே சொல்லிவிட்டார்.

உடல்நலத்தில் மட்டும் சமரசம் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் ஆகியோரை உண்ணாமல் இருக்கச் சொல்லக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் அதை ஆவியின் அசைவு என்று எண்ணிவிடக்கூடும். அவருக்கு அப்போது தேவை இனிப்பான ஏதாவது ஒன்று, உடனடியாக. தானியேல் மூன்று வாரமும் ருசிகரமான அப்பம், இறைச்சி, திராட்சரசம் ஆகியவற்றைத்தான் விலக்கினார். அவரைப்போல் ஏதாவது ஒன்றை விலக்கியிருப்பவரை அரைகுறை விசுவாசி என்று பேசுவது அறியாமை.

ஒருவர் எழுந்து "கர்த்தர் என்னிடம் பேசினார்" என்றதும் வாக்கெடுப்பே தேவையில்லை என்று நினைப்பது மற்றொரு தவறு. தீர்க்கதரிசிகள் இரண்டு பேராவது மூன்று பேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறது 1 கொரிந்தியர் 14. நிதானிப்பது அவிசுவாசம் ஆகாது. மூன்றாம் நாள் இரவு, தூக்கமும் உணவும் இல்லாத தலையில் தோன்றியதை, ஒரு வாரம் கழித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகும் அதே உறுதியோடு சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களும் மூப்பர்களும், அப்போஸ்தலர் 15-இன்படி, மிகவும் தர்க்கித்த பிறகே பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதினார்கள்.

பதில் வந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவதும் வழக்கம். அந்தியோகியா சபை அப்படிச் செய்யவில்லை. அப்போஸ்தலர் 13-இல் பர்னபா, சிமியோன், லூகி, மனாயீன், சவுல் என்று ஐந்து பேர் பெயர் இருக்கிறது. உபவாசத்தின் நடுவே பர்னபா, சவுல் இருவரையும் ஊழியத்துக்குப் பிரித்துவிடச் சொல்லிக் கட்டளை வந்தது. அதன் பிறகும் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்தே அனுப்பினார்கள். போன இருவரும் பயணம் முடிந்து திரும்பியதும் சபையைக் கூடிவரச் செய்து நடந்ததை அறிவித்ததாக அடுத்த அதிகாரம் சொல்கிறது. உபவாச நாளைக் குறிக்கும்போதே, எடுத்த முடிவு எப்படிப் போனது என்று சபைக்குச் சொல்லும் நாளையும் குறித்துவிடலாம்.